செல்வமேரி வாங்காத மெழுகுப் பிள்ளை

செல்வமேரியின் சிரிப்பு தாராவியில் கொஞ்சம் பேர்போனது. சிரிக்கக் கூடாத இடமாகப் பார்த்துத்தான் அது பொத்துக்கொண்டு வரும். தன் கல்யாணத்தில் சாமியார் மோதிரத்தைக் கீழே நழுவவிட்டபோது அவள் சிரித்த சிரிப்பில் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டையே விட்டுவிட்டார்கள்.

அவளும் மூன்று தடவை கர்ப்பம் கலைந்ததில் அடங்கித்தான் போனாள். மாமியார் சவரியம்மாள், "இவ வயிறு வெளங்காத வயிறு" என்று குழாயடியில் சொல்லாத நாளில்லை. வருஷாவருஷம் பாந்த்ரா மலைமேல் இருக்கும் மாதா கோவில் திருவிழாவுக்கு மருமகளை இழுத்துக்கொண்டு போவாள். கால்வலிக்காரர்கள் மெழுகுக் கால் காணிக்கை வைக்கும் மலை அது. சவரியம்மாள் மெழுகுப் பிள்ளை வைப்பாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். தோல் கிடங்கில் வேலை பார்த்த தனசீலன், ஏதோ துணைக்கு வந்தவன் போலத்தான் கையை நீட்டினான். கொஞ்ச நாள் கழித்து மாட்டுங்காவில் குடியிருந்த தமிழ் டாக்டர் ஷ்யாமளா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"உடம்புல குரோமோசோம்னு நூல் மாதிரி ஜோடி ஜோடியா இருக்கும். இவருக்கு ஒண்ணோட துண்டு பிஞ்சு இன்னொண்ணுல ஒட்டிண்டிருக்கு. மொத்தத்துல ஒண்ணும் குறையலை, அதான் இவர் நன்னா இருக்கார். ஆனா குழந்தைக்குப் பாதிதான் போகும். அதுல துண்டு கூடவோ குறைச்சலோ போயிட்டா கர்ப்பம் தங்காது. தங்கினாலும் குறையோட பொறக்கலாம். சரியா போனா நல்ல குழந்தை."

"அப்ப என் வயித்துல கொறையில்லையா டாக்டரம்மா?"

"இல்லைம்மா. அவர் பேர்லயும் தப்பு இல்லை. அவரோட அப்பா, அம்மா யார்கிட்டேர்ந்தாவது வந்திருக்கலாம். மறுபடி பெத்துக்கறதா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும்."

செல்வமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்தும் நிற்கவில்லை. பஸ்ஸிலும் சிரித்தாள். கண்டக்டர் டிக்கெட்டை நீட்டியதற்கும் சிரித்தாள். பக்கத்தில் தனசீலன் இடி விழுந்தவன் மாதிரி இருந்தான்.

"இனி பிள்ளப் பேச்சே வேண்டாம் மேரி. கொறையோட பொறந்துட்டா அது என்ன பாடுபடும்?"

"எனக்கு வேணும். எப்படிப் பொறந்தாலும் வேணும்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் சம்மதிக்காமல் இந்தக் காரியம் நடக்காது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

வீட்டில் சவரியம்மாள் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே சோற்றை அடுப்பில் ஏற்றினாள்.

"தனசீலனுக்கு முந்தி எனக்கும் நாலு போச்சு. என் மாமியா சாவுத வரைக்கும் என்னத்தான் ஏசுனா" என்றாள். சொல்லிவிட்டு, "அந்த மனுசன்கிட்டருந்துதான் வந்திருக்கும்" என்று செத்துப்போன புருஷன் தலையில் பழியைப் போட்டாள்.

"ஒங்ககிட்டருந்தும் வந்திருக்கலாம்லா அத்த?"

சவரியம்மாள் முறைத்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பில் சோறு குழைந்து போனதுகூட இருவருக்கும் தெரியவில்லை.

அந்த வருஷத் திருவிழாவில் சவரியம்மாள் மெழுகுக்கடைக்காரியிடம் குரோமோசோம் கேட்டாள். கை இருந்தது, கால் இருந்தது, இதயம்கூட இருந்தது. குரோமோசோம் இல்லை. விடுவாளா? இரண்டு மெழுகுவத்தி வாங்கி, ஒன்றின் நுனியை ஒடித்து, அங்கே எரிந்த திரியில் காட்டி இன்னொன்றில் ஒட்டினாள்.

"ஏட்டி, இப்படித்தான?"

"இப்படித்தான் அத்த" என்பதற்குள் செல்வமேரி சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை வருஷமும் கடைப்பக்கம் தலைகாட்டாத தனசீலன் அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். மெழுகுப் பிள்ளை ஒன்று கேட்டான். கடைக்காரி எடுத்த பிள்ளைக்கு வெயிலில் இளகி ஒரு கால் வளைந்திருந்தது. அவள் அதை வைத்துவிட்டு வேறொன்று எடுக்கப் போனாள்.

தனசீலன் தடுத்தான்.

"கெடக்கட்டும். இதையே குடுங்க."