நான் எடுத்துக்கொண்ட சுற்று

எங்கள் ஸ்விங் ஜாஸ் பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. தனியாக வாசிக்கிறவன் எழுந்து நிற்பான். கூட்டம் கைதட்டினால் இன்னொரு சுற்று போவான். போதும் என்று தோன்றும்போது தலையசைப்பான், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எத்தனையோ கல்யாண வரவேற்புகளை இந்தத் தலையசைப்பை வைத்தே ஓட்டியிருக்கிறோம்.

போன வருடம் ஒரு சிம்பொனி இசைக்குழுவுடன் சேர்ந்து வாசிக்க அழைப்பு வந்தது. சென்னை, கடலூர், ஆரோவில் பக்கத்து வாத்தியக்காரர்கள். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு காலிக் கிடங்கில் ஒத்திகை. அவர்களுக்கு எல்லாமே தாளில் எழுதியதுதான். வயலின்காரர்கள் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். தங்கள் இடம் வந்ததும் நுழைந்துவிடுவார்கள். யார் தலையசைக்கிறார்கள் என்று பார்க்கமாட்டார்கள். குழுவை நடத்திய அம்மா முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: கடைசிப் பாட்டில் என் சாக்ஸபோனுக்கு ஒரு சுற்று, அடுத்த சுற்று எங்கள் பேண்டிலேயே வாசிக்கும் பாயின் கிளாரினெட்டுக்கு, அதன் பிறகு வயலின்கள்.

பாய் பெரிய மார்க்கெட் பக்கத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். அந்தக் கச்சேரியில் அவருக்குத் தனி வாசிப்பு அது ஒன்றுதான். அவர் மனைவி அதுவரை எங்கள் கச்சேரி எதற்கும் வந்ததில்லை. இந்த முறை வருவதாகச் சொல்லியிருந்தார்.

"நான் எழுந்து நிக்கிறப்ப பாருன்னு சொல்லி வெச்சிருக்கேன் வாத்தியாரே" என்றார் பாய். நான் பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்.

கச்சேரியன்று கடைசிப் பாட்டில் என் முறை வந்தது. என் சுற்று முடிகிற இடத்தில் அரங்கம் கைதட்டியது. நான் உட்காரவில்லை. பாய் பாதி எழுந்து என்னைப் பார்த்தார். வாசித்துக்கொண்டே இருந்தேன். அவருடைய சுற்று முழுவதையும் நானே வாசித்து முடித்தேன். அந்த நொடியில் வயலின்கள் பிசகாமல் நுழைந்தன. பாய் உட்கார்ந்துவிட்டார்.

பழக்கதோஷம் என்று பேண்டில் எனக்காகச் சமாதானம் சொன்னார்கள். அது உண்மையில்லை. நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அத்தனை பேர் பார்க்கும்போது உட்கார மனம் வரவில்லை.

பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று இன்னொன்று கேட்டது. பாயின் மனைவி மட்டும் கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. குழுவை நடத்திய அம்மாவிடம் போனேன். பாயின் இடத்தைத் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டேன், இதே பாட்டைத் திரும்ப வாசிக்கலாமா, இரண்டு சுற்றும் அவருக்கு, என்று கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு எல்லோரையும் தாளைப் பின்னால் புரட்டச் சொன்னார்.

பாய் எழுந்து நின்றார். முதலில் ஸ்வரம் கொஞ்சம் பிசிறியது. பிறகு என்னைவிட நிதானமாக, மூச்சுக்கு இடம் விட்டு வாசித்தார். அவர் மனைவி பக்கத்து இருக்கைக்காரரின் கையைத் தட்டி மேடையைக் காட்டினார். நான் வாத்தியத்தை மடியில் கிடத்திக்கொண்டு கேட்டேன். இத்தனை வருடங்களில் என் முறை எப்போது வரும் என்று காத்திருக்காமல் அவர் வாசிப்பைக் கேட்டது அன்றுதான். வெட்கமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது; சந்தோஷம்தான் அதிகம்.

வெளியே வந்ததும் பாயிடம் உள்ளதைச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "நீங்க வாசிச்ச ரெண்டாவது சுத்து நல்லாத்தான் இருந்துச்சி. அதான் எனக்குக் கோவமே."

பிறகு மனைவியிடம் என்னைக் காட்டினார். "இவருதான் என் எடத்தப் புடிச்சிக்கினவரு."

பாயின் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதனாலதான் எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு சுத்து கெடைச்சிதா? அப்ப அடுத்த வாட்டியும் புடிச்சிக்குங்க."