முன்வாசல் சரிவு

யுத்தத்தில் எங்கள் தேவாலயம் இடிந்தபிறகு, யாழ்ப்பாணக் கரையோரத் தகரக் கொட்டகையொன்றில்தான் பூசை நடந்தது. கண்ணிவெடியில் கால் இழந்த மீனவர் ஒருவர் ஞாயிறு தவறாமல் ஊன்றுகோலுடன் வருவார். யார் கைகொடுத்தாலும் தட்டிவிடுவார்.

புதுத் தேவாலயத்தின் வரைபடத்தைக் கூட்டத்தில் காட்டியபோது அவர் எழும்பினார்.

"வாசலிலை இவ்வளவு படி. நான் எப்பிடி ஏறுறது?"

"பெடியள் தூக்கிவிடுவினம், அண்ணை," என்றார் கட்டடக்குழுத் தலைவர்.

"செத்தாப்பிறகு பெட்டியிலை வைச்சுத் தூக்கட்டும். அதுவரைக்கும் நான் நடந்துதான் வருவன்."

பின்பக்கம் சரிவுப்பாதை போடலாம் என்றார்கள்.

"நான் என்ன, களவெடுக்கவே வாறன்?"

கடைசியில் முன்வாசலிலேயே சரிவு போட்டார்கள். அவர் ஏறிப் பார்த்தார். நன்றி சொல்வாரென்று தலைவர் சிரித்தபடி நின்றார்.

"இதுக்கும் நான் கத்த வேண்டிக் கிடந்ததே?" என்றுவிட்டு இறங்கிப் போனார்.