காளிமுத்து விரலை ஏற்காத லேப்டாப்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, கேட்கிறவர்கள் கடைசியில் சிரிப்பார்கள், நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் அல்லாவுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், நடந்தது.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்யும் சின்னக் கடை என்னுடையது. இரண்டாயிரத்து எட்டு வாக்கில் மாமா துபாயிலிருந்து ஒரு லேப்டாப் கொண்டுவந்தார். அதில் சின்னதாக ஒரு பட்டை இருக்கும், விரலை வைத்து இழுத்தால் அவரவர் அக்கவுண்ட் திறக்கும். நான் இழுத்தால் என்னுடையது திறக்கும். என்னோடு வேலை பார்த்த ஆமத்தூர் காளிமுத்து இழுத்தால் ஒன்றும் ஆகாது. லீவு நாளில் அம்மாவோடு பட்டாசு ஆலைக்குப் போய்க் காகிதக் குழாய் சுற்றுகிறவன், ரேகையெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிவிட்டு வந்தும் இழுத்துப் பார்த்தான். "எனக்கு விரலே இல்லேங்குது" என்று சிரித்துவிட்டு பாஸ்வேர்டு அடிப்பான். அது என்னவென்று நான் கேட்டதில்லை.

சீசன் நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குக் காய்ச்சல், அவன் மட்டும் ஆலைக்குப் போயிருந்தான். விபத்து. உடலை மூடிக் கட்டித்தான் கொடுத்தார்கள், அந்த அம்மா பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் மாலை போட வீட்டில் அவன் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. விளையாட்டாகத் தன் முகத்தை வைத்து அவன் செய்த புஸ்வாண லேபிள் ஒன்று அவன் அக்கவுண்டில் இருந்தது, நானே பார்த்திருக்கிறேன். தெரிந்த பெயர்களையெல்லாம் பாஸ்வேர்டாக அடித்து அடித்து ஓய்ந்துபோனேன். ரிப்பேர் கடையில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் திறக்க முடியும் என்றார்கள்.

காரியத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அந்த அம்மா கடைக்கு வந்தார். படம் கிடைத்ததா என்று கேட்டார். இங்கேதான் விரல் வைப்பான் என்று பட்டையைக் காட்டிவிட்டு, தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போய் அழுதேன். திரும்பி வந்தால் காளிமுத்துவின் அக்கவுண்ட் திறந்திருக்கிறது. அந்த அம்மாவின் விரல் பட்டை மேல் இருக்கிறது.

லேபிளைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன். புஸ்வாணப் பூவுக்கு நடுவே சிரிக்கிறான். அவர் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அக்கவுண்டை மூடிவிட்டு மறுபடி ஒருமுறை இழுக்கச் சொன்னேன், திறக்கவில்லை. என் அக்கவுண்டில் போய் விரல் பதிவுகளைத் தேடிப் பார்த்தால், காளிமுத்து பெயரில் எந்த விரலும் பதிவாகியே இருக்கவில்லை.

பின்னால் ரிப்பேர் கடையில் கேட்டதற்கு மெஷின் கோளாறு என்றார்கள். அதோடு நானும் விட்டிருப்பேன், எனக்கும் நிம்மதிதானே வேண்டும். ஆனால் அன்றைக்குக் கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் நின்று கேட்டார்.

"நான் சும்மா தொட்டுத்தானே பாத்தேன் தம்பி. நீங்க எதுக்குப் பின்னாலருந்து என் விரலப் பிடிச்சு இழுத்தீக?"

நான் உள்ளே இருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் நின்று நலம் விசாரிக்கிறார், பிடித்தது நான்தான் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.