நான்காவது புள்ளி

மருந்து புற்றைக் கரைத்துவிட்டால் கத்திக்கு வேலையில்லை என்று நம்பிய அறிவாளி நான். குடலில் இருந்ததை முன்பே வெட்டி எடுத்திருந்தார்கள். அது ஈரலுக்கும் பரவி நான்கு புள்ளிகளாக உட்கார்ந்திருந்தது. முதலில் மருந்து ஏற்றிச் சுருக்குவோம், பிறகு வெட்டுவோம் என்றார் சர்ஜன். அந்தப் 'பிறகு' மட்டும் என் காதில் ஏறவே இல்லை.

சில மாதங்கள் மருந்து ஏறியது. அதன் கைங்கரியத்தில், குளிர்ந்த டம்ளரைத் தொட்டால் கரண்ட் அடித்ததுபோல விரல் சுண்டி இழுக்கும். அப்புறம் எடுத்த ஸ்கேனில் மூன்று புள்ளிகள் சுருங்கியிருந்தன. நான்காவதைக் காணவே காணோம். ஸ்வீட் பாக்ஸோடு போய் சர்ஜன் முன்னால் உட்கார்ந்தேன்.

"மருந்து நல்லா கேட்டிருக்கு சார். இதோட நிறுத்திடலாம். ஈரல் கொஞ்சம் தேறினதும் ஆபரேஷன்."

"அதான் கரைஞ்சிடுச்சே டாக்டர்?"

"ஸ்கேன்ல தெரியலைன்னா போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. இன்னும் ஏத்தினா மத்ததும் மறைஞ்சிடும். அப்புறம் எங்க வெட்டுறதுன்னு தெரியாம நான் முழிக்கணும்."

அதுவரை மருந்து வேலை செய்யாதோ என்று நடுங்கியவன், அன்றிலிருந்து வேலை செய்துவிட்டதே என்று நடுங்கினேன். காத்திருந்த வாரங்களில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் வரை நடப்பேன். எந்த ரயிலிலும் ஏறாமல் திரும்புவேன். அந்த நான்காவது எந்த மூலையில் பதுங்கியிருக்கிறதோ என்று விலாவை அமுக்கிக்கொண்டே நடந்ததில், எதிரே வந்தவர்கள் வாயுத்தொல்லை என்று நினைத்திருப்பார்கள்.

ஒருநாள் பழைய ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதில் இருந்தபடியே வயிற்றில் மார்க்கர் பேனாவால் நான்கு வட்டம் போட்டேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன இது, வயித்துல?"

"அடையாளம். டாக்டர் தேடக் கூடாதில்ல."

"முடிச்சூர்ல நாம வாங்கின மனைக்கு நட்ட எல்லைக்கல்லையே இன்னும் கண்டுபிடிக்கல. இதுல வயித்துல சர்வேயா?" கிட்டே வந்து பார்த்தாள். "படம் எதிர்ல நின்னு பாக்குற மாதிரி இருக்கும்ங்க. ஈரல் வலது பக்கம். நீங்க வட்டம் போட்டிருக்கிறது இடது பக்கம்."

தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் தேய்த்தாள்; மை போன பிறகும் நிறுத்தவில்லை.

ஆபரேஷன் நடந்தது. மூன்று புள்ளிகளை ஈரலின் ஒரு பகுதியோடு வெட்டி எடுத்தார்கள். நான்காவதைக் கையால் தடவியும், ஈரல்மேலேயே ஸ்கேன் கருவியை வைத்தும் தேடினார்கள். அகப்படவில்லை; விட்டுவிட்டார்கள். பிறகு மறுபடியும் மருந்து. அடுத்த வருடம் அது பழைய இடத்திலேயே தெரிந்தது. அதையும் வெட்டி எடுத்தார்கள்.