பாகூவில் ஏற்றிய கார்த்திகை விளக்கு

விசா, காப்பீடு, மாத்திரைச் சீட்டு, இரண்டு நகல்கள் என்று ஒன்பது பக்கப் பட்டியல் தயாரித்த நான், தாம்பரம் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரை மட்டும் பார்க்கவில்லை. பாகூவுக்குப் பயணச்சீட்டு போட்ட வாரத்தின் நடுவில் கார்த்திகை தீபம் உட்கார்ந்திருந்தது. என் மனைவி அதைக் கண்டுபிடித்தபோது ரத்து செய்யும் கெடு முடிந்திருந்தது. அந்த விதி எனக்கு மனப்பாடம்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு கார்த்திகைக்கும் விளக்கேத்தாம இருந்ததில்ல. தெருவுல முழங்கால் தண்ணி நின்னப்பகூட மொட்டை மாடியில ஏத்தினேன்" என்றாள். ஒரு அகலைத் துண்டில் சுற்றி, திரியையும் நல்லெண்ணெயையும் பெரிய பெட்டியில் வைத்தாள். தீப்பெட்டியை மட்டும் நான் எடுத்து வெளியே வைத்தேன். விமானத்தில் கூடாது.

நான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மறைமலை நகர் வரை தொழிற்கூடங்களுக்குத் தீப்பாதுகாப்புச் சான்று கொடுப்பதும், பெரும்பாலும் கொடுக்காமல் இருப்பதும் என் வேலை. எங்களோடு வந்த பம்மல் நண்பரின் தோல் பட்டறைக்கே மூன்று முறை மறுத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் வீட்டு நோன்புக் கஞ்சியைக் குடித்தேன். அதற்குமுன் விதி இடம் தரவில்லை.

கார்த்திகையன்று காலை பாகூவின் பழைய நகரத்தைச் சுற்றினோம். மதிலுக்குள் தேன் நிறக் கல் சந்துகள், சந்துக்கு நாலு பூனைகள். கன்னிக் கோபுரத்தின் உச்சியில் ஒரு காலத்தில் நெருப்பு எரிந்ததாகச் சிலர் சொல்வார்கள் என்றாள் வழிகாட்டிப் பெண். எனக்கு அதன் ஒற்றை மாடிப்படிதான் கண்ணில் பட்டது. அவசர வழி கிடையாது.

பழைய சத்திரம் ஒன்றின் சுவருக்கு முன்னால் மனைவி நின்றுவிட்டாள். "இங்க பாருங்க, விளக்கு வைக்கிற மாடம்."

"பாதுகாக்கப்பட்ட சுவர். புகை படியும்."

"அப்ப ஹோட்டல் ரூம்ல?"

"கூரையில புகையைக் கண்டுபிடிக்கிற கருவி இருக்கு."

"தெரியும். வந்ததும் கட்டில் மேல ஏறி நின்னு பாத்தது நீங்கதானே?"

பிற்பகல் சுரகானி நெருப்புக் கோயில். ஐந்து மூலை மதில், சுற்றிலும் சின்ன அறைகள், நடுவில் கல் மண்டபத்தில் தீ. நம் நாட்டு வியாபாரிகள் அந்தக் காலத்தில் இங்கே வந்து தங்கிக் கும்பிட்டிருக்கிறார்கள். வாசல் கல்லில் நாகரி எழுத்தில் பிள்ளையாருக்கு வணக்கம். மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மண்ணிலிருந்து தானாக வந்த வாயு எப்போதோ நின்றுவிட்டது, இப்போது குழாய் வழியாக வருகிறது என்றாள் வழிகாட்டி.

"இன்னா சார் இது, பைப்பு கேஸா?" என்றார் பம்மல்காரர். "நம்ம வூட்டு அடுப்புக்குப் பாஸ்போர்ட் எடுத்துகினு வந்தோமா?"

மனைவிக்கு எந்த கேஸானாலும் சரி. பையைத் திறந்து அகலை வெளியே எடுத்தாள். காவலுக்கு இருந்த அம்மாள் ஓடிவந்து கையை ஆட்டினாள். இது அருங்காட்சியகம், தனியாக எதுவும் ஏற்றக்கூடாது. விதி சரிதான் என்று நானே சொல்லித் தொலைத்தேன்.

"சார் இங்கியும் சர்டிபிகேட் குடுக்க மாட்டாரு, அக்கா" என்றார் நண்பர்.

அக்கா சிரிக்கவில்லை. பேருந்தில் அவள் கைபேசிக்குப் படங்கள் வந்தபடி இருந்தன. தாம்பரத்தில் பாகூவுக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். எங்கள் தெருவில் ஒவ்வொரு மதில் மேலும் வரிசையாக விளக்கு, நடுவில் எங்கள் வீடு மட்டும் இருட்டு. கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். நான் ஒன்பது பக்கத்தையும் புரட்டினேன். அதில் இதற்கு வழி எதுவும் இல்லை.

கடைசி இடம் யானார் தாக், எரியும் மலை. மலை என்பது மரியாதைக்கு. பல்லாவரம் குன்று இதைப் பார்த்தால் சிரிக்கும். ஆனால் அதன் அடிவாரத்தில் பாறைக்கு அடியிலிருந்து தீ நீளமாக எரிந்துகொண்டிருந்தது. குழாய் கிடையாது, அணைப்பதற்கு ஆளும் கிடையாது. இருட்டிக்கொண்டு வந்தது. காற்று ஆளைத் தள்ளியது. தடுப்புக்கு அருகே கனத்த கோட்டு போட்ட வயதான காவலர். அகலைப் பார்த்ததும் கூடாதென்று தலையை ஆட்டினார்.

"மலையே எரியுது, ஒரு அகலுக்கு இன்னாயா பேஜாரு?" என்றார் நண்பர், தமிழிலேயே.

'கூடாது' என்பதில் இரண்டு வகை உண்டு. விதியால் கூடாது, என் தலையில் விடியக்கூடாது. முப்பது வருடம் இரண்டையும் சொன்னவன் நான். இது இரண்டாவது வகை. பணப்பையிலிருந்து துறை முத்திரை போட்ட என் ஓய்வூதியர் அட்டையை எடுத்து நீட்டினேன். "நான் தீயணைப்பு அதிகாரி. பக்கத்திலேயே நிற்பேன், என் பொறுப்பு" என்றதை வழிகாட்டி மொழிபெயர்த்தாள். கிழவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எதைக் கொண்டு பற்றவைப்பது என்று சைகையால் கேட்டார்.

பட்டியலின் ஒன்பதாம் பக்கத்தைக் கிழித்துச் சுருட்டிக் கொடுத்தேன்.

காவலர் தடுப்பைத் தாண்டிப் போய் மலையிலிருந்து நெருப்பு கொண்டுவந்தார். திரி பற்றியது, உடனே அணைந்தது. எட்டாம் பக்கம். மறுபடி அணைந்தது. ஏழாம் பக்கத்துக்கு நான் கோட்டை விரித்துக்கொண்டு ஒரு பக்கம் குந்தினேன். நண்பர் தன் தோல் கோட்டோடு மறுபக்கம் குந்தினார். சுடர் நின்றது. மனைவி கைகூப்பினாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. காற்றுதான் என்றாள்.

பேருந்து ஹாரன் அடித்தது.

"எவ்வளவு எண்ணெய் ஊத்தின?"

"எப்பவும் ஊத்தற அளவுதான்."

எனக்குத் தெரியும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நடுவில் நாமாக அணைக்கவும் கூடாது. காவலரே வழி சொன்னார். அகலை உள்ளங்கையில் ஏந்தி, மெல்ல நடந்து, தன் மரக்கூண்டுக்குள் ஜன்னலோரம் வைத்தார். பக்கத்தில் காகிதக் கட்டு, திரைச்சீலை, மண்ணெண்ணெய் வாடை. என் காலத்தில் அப்படி ஒரு கூண்டைப் பார்த்திருந்தால் அங்கேயே பூட்டி முத்திரை வைத்திருப்பேன்.

மனைவி அதைப் படமெடுத்துத் தெருக் குழுவுக்கு அனுப்பினாள். நான் பேருந்துப் படியில் ஏறியவன் இறங்கி, கூண்டுக்குத் திரும்பிப் போய், காற்று படாமல் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.