காலி அறைக்கு ஆறு வருட வாடகை

என் வீட்டுக்காரருக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் டேப்பு. இடுப்பில் எப்போதும் ஓர் அளவு டேப் தொங்கும், அதனால். எங்கள் தொழில் வீடு மாற்றிக் கொடுப்பது. கட்டில், பீரோ, மேஜை எல்லாவற்றையும் கழற்றி ஏற்றி மறுபடி மாட்டுவது அவர் வேலை. கண்ணாடி, பீங்கான் மாதிரி உடையக்கூடிய சாமான்கள் என் பொறுப்பு. இத்தனை வருடத்தில் நான் உடைத்தது இரண்டே தட்டு. அதில் ஒன்று ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது, அதை நான் சேர்த்துக்கொள்வதில்லை.

மற்றவர்கள் சாமானை நடு ஹாலில் குவித்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் ஒரு வாரம் முன்பே போய் ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுப்பார். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே டேப்பை விரித்து அதையும் எடுப்பார். புது வீட்டில் எல்லாம் பழையபடியே நிற்கும். சரிபார்க்க அங்கேயும் டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார். "காலைல கண்ணு திறக்காமலே காலை இறக்கினா, செருப்பு அங்க இருக்கணும். அப்பதான் அது வீடு" என்பார்.

வேலை முடிந்த பிறகும் அந்தப் படங்களை அழிக்க அவருக்கு மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் மல்லாந்து படுத்து, போனை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, யார் யார் வீட்டுக்குள்ளோ மெல்ல நடந்துகொண்டிருப்பார். ஒரு வீட்டில் வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி மேஜைக்கால் வரைக்கும் வந்து நிற்கும். இன்னொரு வீட்டில் திரைச்சீலை பாதி தூக்கியபடி அப்படியே நின்றிருக்கும். பார்த்துக்கொண்டே கண் சொக்கி, போன் மூக்கில் விழும்.

"இந்த ரூமெல்லாம் இப்ப எங்க இருக்கும்?" என்று கேட்பார்.

"வீடு இருந்த இடத்துலதான் இருக்கும். சாமான் நாம இறக்கின இடத்துல இருக்கும்."

"அது தெரியும். ரெண்டும் சேர்ந்து இருந்த ரூம் எங்க?"

நான் அரிசி கழுவப் போய்விடுவேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது. சில ஞாயிறுகளில் நானும் பக்கத்தில் படுத்து, தெரியாத வீடுகளின் மௌனத்துக்குள் கொஞ்ச தூரம் போய்விட்டு வந்திருக்கிறேன். எழுந்திருக்கும்போது எங்கள் வீடு எது என்று ஒரு நொடி குழப்பமாக இருக்கும். அது நன்றாகத்தான் இருக்கும்.

இவர் எடுப்பது போதாதென்று மகள் எடுத்ததும் சேர்ந்து, போனில் அத்தனை படத்துக்கு இடம் ஏது? எல்லாம் க்ளவுட் கணக்கில் ஏறி, போனிலிருந்து மறைந்துவிடும். அந்தக் கணக்கை முதலில் திறந்து கொடுத்தது என் அண்ணன்தான். அப்போது லாரி இரண்டு பேருக்கும் பொது. பிறகு ஒருநாள் மாடிப்படியில் ஒரு பீரோ உருண்டது. நீதான் முதலில் கையை விட்டாய் என்று இவர் சொல்ல, நீங்கள்தான் என்று அவர் சொல்ல, லாரி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் என்று ஆகிப்போனது. நானும் வீம்பாகப் புருஷன் பக்கம் நின்றேன். பேச்சுவார்த்தை நின்று ஆறு வருடம்.

பிரிந்த மறுநாளே இவர் போன் கடைக்குப் போனார். "அவர் தயவு எனக்கு எதுக்கு?" என்று தன் பெயரில் தனிக் கணக்கு திறந்து, மாதச் சந்தா கட்டத் தொடங்கினார். சாப்பாட்டுச் செலவில் கை வைத்தாலும் வைப்பாரே தவிர, அந்தச் சந்தாவை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி டெலிபோன் ஆபரேட்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். பிறவியிலேயே கண் தெரியாதவர். தனியாக இருக்கிறார். இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள்.

"எனக்கு வீடுன்னா கை எட்டுற தூரம்தான். டம்ளர் ஒரு சாண் தள்ளிப்போனா நான் என் வீட்டுக்கே விருந்தாளி ஆயிடுவேன்" என்று சிரித்தார். "டியூட்டி முடிஞ்சு ஆறு மணிக்குப் புது வீட்டுக்கு வருவேன். கதவைத் திறந்தா நான் என் வீட்டுல இருக்கணும். முடியுமா?"

"முடியும்மா" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். படம் மட்டும் எண்பத்தாறு எடுத்தார்.

சாமான் மாற்றிய அன்று மத்தியானம் புது வீட்டு ஹாலில் பெட்டிகள் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இவர் போனைத் திறந்தார். படங்கள் தபால்தலை அளவில், பனி மூடிய மாதிரி தெரிந்தன. தொட்டால் ஒரே வாசகம்தான் வந்தது. சந்தா முடிந்துவிட்டது, கணக்கு பூட்டப்பட்டுள்ளது.

"நான்தான் மாசாமாசம் கட்டுறேனே!" என்றார் போனைப் பார்த்து.

"ஆபரேட்டரம்மாவையே கேட்டுடலாமே" என்றேன்.

"ஏழு தட்டு அலமாரி. மூடி எல்லாம் ஒரே மாதிரி நூறு டப்பா. உப்புக்குப் பக்கத்துல எது, மாத்திரைக்குப் பக்கத்துல எதுன்னு ஆஸ்பத்திரி லைன்ல கேப்பியா?"

சோப்புத்தூளும் சர்க்கரையும் இடம் மாறினால் என்ன ஆகும்?

கஸ்டமர் கேரில் ஒரு பெண் பேசினாள். குரலில் தேன் ஒழுகியது. "சார், உங்க சந்தா ரொம்பச் சரியா இருக்கு. ஆறு வருஷத்துல ஒரு மாசம்கூடத் தவறல. ஆனா உங்க கணக்குல ஒண்ணுமே இல்லையே சார்."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"ஒரு போட்டோகூட இல்ல. திறந்த நாள்லேர்ந்து காலியாத்தான் இருக்கு."

இவர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ வீட்டைக் காலி செய்த மனுஷன், ஆறு வருடமாக ஒரு காலி அறைக்கு வாடகை கட்டியிருக்கிறார். நான் போனைப் பிடுங்கி, "கட்டின பணத்தைத் திருப்பிக் கொடுங்க" என்று கத்தினேன். கடைசி ஒரு மாதம் மட்டும் கிடைக்கும் என்றாள், அதே தேன் குரலில்.

"பணம் இருக்கட்டும், எங்க போட்டோ எங்கம்மா?" என்றார் இவர்.

"உங்க போன்ல இன்னொரு கணக்கு திறந்திருக்கு சார். எல்லாம் அதுக்குத்தான் போகுது. யாருதுன்னு நான் சொல்லக் கூடாது. அதுல பதிஞ்ச நம்பரோட கடைசி ரெண்டு எண் உங்க ஸ்கிரீன்லயே இருக்கும், பாருங்க."

நாற்பத்தேழு. இவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் மனப்பாடமாக வைத்திருந்தும் ஆறு வருடம் அழைக்காத எண் அது. கடைக்காரர் புதுக் கணக்கைத் திறந்து காசை வாங்கிக்கொண்டிருக்கிறார், பழையதை மூடவில்லை. தயவே வேண்டாம் என்று பிரிந்தவர், அத்தனை வருடமும் மச்சான் செலவில்தான் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"நான் போகமாட்டேன்" என்றார்.

"அந்தம்மா ஆறு மணிக்கு வருவாங்க" என்றேன். அவரே லாரியைக் கிளப்பினார்.

அண்ணன் ஒரு வணிக வளாகத்துக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தார், அது உறவுக்காரர்கள் வழியாக எங்களுக்குத் தெரியும். ஓர் ஆள் மட்டுமே கொள்ளும் கண்ணாடிக் கூண்டு. வெளியே பகல் வெயில் கொளுத்த, அங்கே மட்டும் எப்போதும் சாயங்காலம். கார்கள் சத்தமில்லாமல் சரிவில் இறங்கி வருவது தூக்கத்தில் பார்ப்பது போல இருந்தது. அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அதைக் கவனிக்காதவள் போல, "இந்தக் கூண்டுல காத்து வருதா?" என்று எரிச்சலாகக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். "வாங்க மாப்ள" என்றார், நேற்றுத்தான் பிரிந்தவர் போல. "போன மாசம் அந்த மூணாவது மாடி வீட்டுல கட்டிலோட தலைமாட்டை மாத்திப் போட்டிருக்கீங்க. கவனிச்சீங்களா?"

இவர் இடுப்பு டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அந்த ரூம்ல சுவர் பத்தல மச்சான்" என்றார்.

"நாலு அங்குலம் இருந்துச்சு. டேப்பு தெரிஞ்சுதே."

ஆறு வருடமும் ஒவ்வொரு படமும் அண்ணன் போனுக்குப் போயிருக்கிறது. அந்தக் கூண்டில் உட்கார்ந்தபடி, நாங்கள் போன வீட்டுக்கெல்லாம் அவரும் வந்திருக்கிறார். இடம் நிரம்ப நிரம்ப, சம்பளத்தில் பிடித்து, பெரிய திட்டத்துக்கு மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்.

நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் பதறி எழுந்தார். "கண்ணு தெரியாதவங்க வீடா? எனக்குத் தெரியாதே!" போனை எடுத்துக் கணக்கைத் திறந்தார். புதுப்பிக்கும் பக்கத்தில் ஒரு வரி இருந்தது, நானும் எட்டிப் பார்த்தேன். சந்தாவை மூன்று நாட்களுக்கு முன் நீங்கள் ரத்து செய்தீர்கள். கார்டு காலாவதியாகவில்லை, வங்கியும் மறுக்கவில்லை. அண்ணனேதான் நிறுத்தியிருக்கிறார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்க நேரமில்லாததால் அதை விழுங்கினேன்.

பணம் கட்டியதும் பனி விலகியது. அண்ணன் மாற்று ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.

அடுத்த மூன்று மணி நேரம் யாரும் பழைய கதை பேசவில்லை. "இன்னும் ரெண்டு அங்குலம்", "இடது பக்கம்", "நிறுத்து", இவ்வளவுதான் பேச்சு. அண்ணன் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் டப்பாக்களை அடுக்கினேன். பழைய அறை, சுவர் மட்டும் வேறாக, எங்கள் கண்ணெதிரே மெல்லத் திரும்பி வந்தது.

ஆறு மணிக்கு ஆபரேட்டரம்மா வந்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றோம். உள்ளே வந்ததும் சாவியை இடப்பக்கம் மாட்டினார், கொக்கி அங்கே இருந்தது. நான்கு அடி நடந்து கையை நீட்டினார், நாற்காலியின் முதுகு கையில் வந்தது. அலமாரியில் மூன்றாவது தட்டு, இரண்டாவது டப்பா. திறந்து ஒரு சிட்டிகை வாயில் போட்டார்.

"சர்க்கரை" என்றார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க போலாம். நான் வீட்டுக்கு வந்துட்டேன்" என்றார்.

கீழே தெருவில் வெளிச்சம் மஞ்சளாக இளகிக்கொண்டிருந்தது. அண்ணன் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்தார். நான் அதுவரை விழுங்கி வைத்திருந்ததை எடுத்தேன்.

"ஏண்ணே நிறுத்தின? மூணு நாளா பூட்டி வெச்சு, எங்க மானம் போயிருக்குமே!"

அவர் தரையைப் பார்த்தபடியே கேட்டார். "பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"எந்தப் பாப்பா?"

"உன் பொண்ணுதான். அவளும் அந்தப் போன்லதானே படம் எடுப்பா? வாரத்துக்கு ரெண்டாவது வரும். தூங்குற பூனை, புதுச் சட்டை, ஸ்கூல் கடைசி நாள்... மூணு மாசமா ஒண்ணுமே வரல. வெறும் கட்டிலும் பீரோவுமா வருது. நான் என்னன்னு நினைக்கிறது? யாரைப் போய்க் கேக்கிறது?" குரல் உடைந்தது. "பூட்டினா மாப்ள தேடிக்கிட்டு வருவாருன்னு நினைச்சேன். எனக்கு வேற வழி தெரியலம்மா."

நான் அழுதுவிட்டேன். "அவளுக்கு ஒண்ணும் இல்லண்ணே. வெளியூர்ல நர்சிங் படிக்கிறா. ஹாஸ்டல். தனியா போன் வாங்கிக் கொடுத்தோம், அவ்வளவுதான்."

இவர் ஏற்கெனவே எண்ணை அழுத்தியிருந்தார். "அப்பா, சொல்லுங்க" என்று மகளின் குரல் கேட்டதும் போனை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"முடியைக் குட்டையா வெட்டினது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். "ஏம்மா திரும்ப வளத்துட்ட?"

அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. "யாருங்க பேசுறது?"

அண்ணன் எங்களைப் பார்த்தார். "மாமா பேசுறேன்மா" என்றார்.

அவள், சின்ன வயதுக் குரலில், "இவ்வளவு நாளா எங்க மாமா போயிருந்தீங்க?" என்றாள்.