நான் துடைத்த கை

சீழ் காய்ந்து விறைத்துப்போன சீலைத் துண்டுக்குப் புளித்த பாலின் வாடை இருக்கும். அந்த வாடை இன்றும் எங்காவது மூக்கில் பட்டால் என் இடது கை தானாகக் கனக்கிறது. தோளிலிருந்து முழங்கை வரை வீங்கி, ரொட்டி சுட்ட கல்லைப்போலக் கை கொதித்த அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் திரும்பி வந்துவிடுகின்றன. பலர் தங்கள் சிறுவயதைச் சர்க்கரையில் தோய்த்து எழுதுகிறார்கள். எனக்கு அது வராது. பதுளையில் ஒரு வீட்டில் வேலை பார்த்தபோது எழுத்துக் கற்றவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹல்துமுல்லைக்குக் கீழே இருந்த எங்கள் தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். கோப்பிச் செடி நோய் கண்டு செத்து, தேயிலை வைத்த காலம். அப்பா, கடல் தாண்டி வந்த வருடமே வயிற்றுப்போக்கில் போய்விட்டார். அம்மா மீனாட்சி, எட்டு வயது நான், ஐந்து வயதுத் தம்பி மருதன், மூன்று பேரும் கூலி சனத்துக்குக் கட்டிய வரிசை வீடான லயத்தில் ஒரு 'காம்பரா'வில் இருந்தோம். ஒற்றை அறை, ஒற்றை அடுப்பு. மாசி முடிகிற நேரம். மழை விட்டு, முள்முருக்கு சிவப்பாய்ப் பூத்து, கொழுந்து மளமளவென்று வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பதுளையிலிருந்து 'பால் குத்துற ஐயா' வந்தார். பெரியம்மை வராமலிருக்கக் கையைக் கீறி அம்மைப்பால் வைப்பவர்.

ஒரு சனிக்கிழமை காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். எதற்குக் கீறுகிறார்கள் என்று எங்கள் சனத்துக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டுக்குச் சூடு போடுவதுபோல நடந்து முடிந்தது. பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாதான் விளக்கம் சொன்னாள்: "ஆத்தாளைக் கத்தியால கீறிக் கூப்புடுறானுக. அவ சும்மா இருப்பாளா? ஈரம் காயுறதுக்குள்ள கழுவி விட்டுருங்கடி."

அம்மா கூடையோடு மலையேற வேண்டியிருந்தது. போகிற போக்கில் என் காதருகே குனிந்து, "ராக்கு, ஒடனே தம்பி கையைத் தொடச்சிரு. அப்பறம் ஒன்னோடதையும் தொடச்சுக்க" என்றாள். மூங்கில் குழாய் வழியே தண்ணீர் விழும் பீலிக்கு மருதனை இழுத்துக்கொண்டு ஓடினேன். பாவாடை நுனியை நனைத்து அவன் கையை அழுத்தி அழுத்தித் துடைத்தேன். அவன் அழுதான், நான் விடவில்லை. என் கைக்கு வருவதற்குள் எங்களை வேலை வாங்குகிற கங்காணி மேலே நின்று, "அங்க என்னடி கூத்து?" என்று கத்த, ஓடிவிட்டேன். என் கை வெயிலிலேயே காய்ந்தது.

அடுத்த வாரத்துக்குள் என் மூன்று கீறலும் மூன்று கொப்புளமாய்த் திரண்டன. சனிக்கிழமை விடிந்தபோது காய்ச்சல் கொதித்தது. அம்மா கங்காணி முன்னால் போய் நின்றாள். "ஆத்தா எறங்கியிருக்காங்க. வீட்டை விட்டு வரக்கூடாதுங்க."

அவன் சிரித்தான். "தொரை குத்தச் சொன்ன கத்திக்கு எந்த ஆத்தாடி வருவா? கூடையைத் தூக்கு."

தூக்கிக்கொண்டு போனாள். லயமே காலி. சத்தமில்லாத அந்தப் பகல் முழுவதும் எனக்குத் துணை மருதன்தான். தேங்காய்ச் சிரட்டையில் பீலித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவான். வாசலுக்கு வருவதற்குள் பாதி அவன் வயிற்றில் சிந்தியிருக்கும். மிச்சத்தை என் வாயில் ஊற்றுவான். பிறகு என் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து, "அக்கா கை பூசணிக்கா!" என்று குதிப்பான். தன் கையை நீட்டிக் காட்டுவான். வழவழவென்று இருந்தது. "எனக்கு ஒண்ணுமில்லையே!"

ஞாயிற்றுக்கிழமை அம்மா என் பக்கத்தை விட்டு அசையவில்லை. வேப்பமரம் அந்தக் குளிரில் ஏது? முருக்கிலையை ஒடித்துவந்து விசிறினாள். கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வெளியே வந்தது. நான் பிழைக்க மாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டாள், முகத்தில் தெரிந்தது. "ஒனக்கு மொதல்ல தொடைக்கச் சொல்லியிருக்கணும்டி. பாவி நான், விட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மருதனை மடியில் இழுத்து, "இவனாவது தப்பிச்சானே" என்று அவன் கையைத் தடவினாள். காய்ச்சலைவிட எனக்குக் கோபம் அதிகமாக ஏறியது. "சிரிக்காதடா. ஒனக்கும் வரும் பாரு" என்று கத்தினேன். அவன் இன்னும் சிரித்தான்.

திங்கட்கிழமை காய்ச்சல் விட்டது. அன்றே பால் குத்துகிறவர் திரும்ப வந்தார். கொப்புளம் எழும்பாத பிள்ளைக்கு மறுபடி குத்த வேண்டும். என் கையைத் திருப்பிப் பார்த்து, "நல்லா எழும்பியிருக்கு. மற்றப் பிள்ளையளுக்கு?" என்றார். மருதனை அம்மா விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தாள். கங்காணிக்கு அது தெரியும். அவனுக்கு அவசரம் கொழுந்து. "எல்லாத்துக்கும் எழும்பிருச்சுங்க ஐயா, ஒரு கொறையும் இல்லைங்க" என்றான். அவர் போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருடம் பெரியம்மை வந்தது. மருதனுக்கு முகம் தெரியாமல் முத்துப் போட்டது. அம்மா சின்ன வயதிலேயே அம்மை கண்டு தேறியவள். அவளும் நானும்தான் அவனைப் பார்த்தோம். அதே சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து அவன் வாயில் ஊற்றினேன். கண் திறக்க முடியவில்லை அவனுக்கு. "அக்கா, எனக்கும் வந்துருச்சு" என்றான். என்னைக் குறை சொல்லவில்லை. நான் சொன்னது நடந்துவிட்டதென்று சேதி சொன்னான், அவ்வளவுதான். அதற்கு மூன்றாம் நாள் செத்தான். ஒட்டிப் படுத்திருந்த எனக்கு ஒரு முத்துகூடப் போடவில்லை.

அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காரணம் சொல்லாமல் பிள்ளைமேல் கத்தியை வைத்தால் எந்தத் தாயும் துடைக்கத்தான் சொல்வாள். கங்காணியைத் திட்டலாம், நாற்பது வருடமாகத் திட்டுகிறேன். ஆனால் துடைத்த கை என்னுடையது.

இப்போது பதுளை வரை ரயில் வந்துவிட்டது. அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். மூங்கில் பீலி போய் இரும்புக் குழாய் வந்திருக்கிறது. மருதனைப் புதைத்த மேட்டில் இடுப்பளவு தேயிலை நிற்கிறது. எந்த இடம் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. நான் வேறொரு தோட்டத்தில், தாய்மார் மலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. போன மாதம் பால் குத்திய அன்று ஒருத்தி குழாயடியில் துணியை நனைப்பதைக் கண்டேன். பிடுங்கி எறிந்தேன்.

"இந்தக் கெழவிக்குக் கிறுக்கு" என்றாள்.

"ஆமாடி, கிறுக்குத்தான். கேட்டுட்டுப் போ" என்று அவளை அங்கேயே உட்காரவைத்து, எனக்கு ஒருவரும் சொல்லாத காரணத்தைச் சொன்னேன்: கொப்புளம் எழும்பிக் காய்ச்சல் கண்டால்தான் பெரியம்மை அண்டாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் காம்பரா வழியாகப் போனேன். உள்ளே பிள்ளை காய்ச்சலில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். கேட்க நன்றாக இருந்தது.